எண்ணெய்க் கிணற்று சிமெண்டில் நானோ சிலிக்கா: முதல் கலவையைச் சரியாகச் செய்ய ஒரு வழிகாட்டி

துளையிட்ட கிணற்றுக்குள் இரும்புக் குழாயை இறக்கிய பிறகு, குழாயின் வெளிப்புறத்துக்கும் பாறைச் சுவருக்கும் நடுவே குறுகலான ஒரு வளைய இடைவெளி மிஞ்சும். அதை அடைப்பதுதான் சிமெண்டின் வேலை. குழம்பாகக் குழாய்க்குள் இறங்கி, அடியில் திரும்பி, வெளிப்புறமாக மேலேறி, அங்கேயே இறுகி நிற்க வேண்டும். 1903இல் கலிஃபோர்னியாவின் லோம்போக் எண்ணெய் வயலில், கிணற்றுக்குள் புகுந்த நீரை அடைக்க ஃபிராங்க் ஹில் சிமெண்டைப் பயன்படுத்தினார். அன்று முதல் இந்த வேலை மாறவில்லை. ஆழமும் வெப்பமும் அழுத்தமும்தான் கூடிக்கொண்டே போகின்றன.

இந்த அடைப்பு தோற்றால் என்ன நடக்கும் என்பதை 2009 ஆகஸ்டில் டிமோர் கடலின் மொன்டாரா கிணறும், 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவின் மக்கோண்டோ கிணறும் காட்டின: இரண்டிலும் எண்ணெயும் வாயுவும் கட்டுப்பாடின்றிப் பீறிட்டன. மக்கோண்டோவில் 11 பேர் உயிரிழந்தார்கள். நானோ துகள் சேர்த்திருந்தால் அவற்றைத் தடுத்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. மக்கோண்டோவில் பயன்படுத்திய நுரை சிமெண்ட் நிலையற்றது என்று காட்டிய ஆய்வக முடிவுகள் விபத்துக்கு முன்பே இருந்தன என்பதை அமெரிக்க அதிபர் அமைத்த விசாரணை ஆணையம் வெளிக்கொணர்ந்தது. புதிய பொருளைச் சேர்ப்பதைவிட, சேர்த்ததைச் சோதித்து, முடிவை நேர்மையாகப் படிப்பது பெரிய வேலை. புதிதாக ஆய்வகத்துக்குள் வருகிறவர்கள் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது இதைத்தான்.

இந்தக் கட்டுரை பெட்ரோலியப் பொறியியல், சிவில், வேதியியல் மாணவர்களுக்கும் சிமெண்ட் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குமானது. நானோ துகள்களில் பல வகை உண்டு. இங்கே நானோ சிலிக்காவை, அதாவது நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கணக்கில் அளக்கும் சிலிக்காத் துகள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, எண்ணெய்க் கிணறுகளுக்கான ஜி வகை சிமெண்டில் அதை எப்படிச் சேர்ப்பது, எப்படிச் சோதிப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். ஒன்றைச் சரியாகச் செய்யக் கற்றவர் மற்றவற்றைத் தாமாகவே செய்துவிடுவார்.

நானோ சிலிக்கா என்ன செய்கிறது?

சிமெண்ட் துகளின் அளவு பொதுவாக 10 முதல் 20 மைக்ரோமீட்டர். ஒரு கிராம் சிமெண்டின் மேற்பரப்பு ஒரு சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். 12 நானோமீட்டர் அளவுள்ள புகை சிலிக்காவிலோ, ஒரு கிராமுக்கு 200 சதுர மீட்டர் மேற்பரப்பு. நன்மைகள், தொல்லைகள் இரண்டுமே இந்த மேற்பரப்பிலிருந்துதான் பிறக்கின்றன.

சிமெண்ட் நீருடன் வினைபுரியும்போது கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற பிணைப்புப் பொருளும் கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற சுண்ணாம்பும் உண்டாகின்றன. வலிமை தருவது முன்னது. அது படிந்து வளர ஒரு மேற்பரப்பு வேண்டும். நானோ சிலிக்கா அதை ஏராளமாகத் தருவதால் இறுக்கம் சீக்கிரம் தொடங்குகிறது. கூடவே, அந்த சிலிக்கா சுண்ணாம்புடன் வினைபுரிந்து மேலும் பிணைப்புப் பொருளை உண்டாக்குகிறது. துகள்களுக்கு இடையிலுள்ள நுண்துளைகளை நிரப்புவது மூன்றாவது பயன். ஆரம்ப மணி நேரங்களின் வலிமையில் தெரியும் உயர்வுக்கு முதல் காரணமே முக்கியமானது. நாள் ஆக ஆக, நானோ சேர்த்த கலவைக்கும் சேர்க்காததற்கும் உள்ள வேறுபாடு குறைந்துகொண்டே வருவது வழக்கம்.

தொல்லை என்ன? அதே மேற்பரப்பு நீரைப் பிடித்துக்கொள்ளும். குழம்பு தடிக்கும். குழம்பை இளக்கச் சேர்த்த டிஸ்பர்சன்டையும், இறுக்கத்தைத் தாமதப்படுத்தச் சேர்த்த ரிட்டார்டரையும் அது தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளக்கூடும். நேற்று வரை சரியாக இருந்த கலவை, நானோ சேர்த்ததும் வேறு கலவையாக நடந்துகொள்ளும்.

முதல் படி: எந்தக் குறையைத் தீர்க்கிறீர்கள் என்று எழுதுங்கள்

"வலிமையைக் கூட்டுதல்" என்று ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதினால் போதாது. குழாயைத் தாங்கவும், துளையிடுதலைத் தொடரவும் பெரிய வலிமை தேவையில்லை. அமெரிக்க நடைமுறையில் பொதுவாக 500 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 500 பவுண்டு) வந்தால் போதும். அந்த 500 எத்தனை மணி நேரத்தில் வருகிறது என்பதுதான் பணத்தைத் தீர்மானிக்கிறது, ஏனென்றால் அதுவரை துளையிடும் எந்திரமான ரிக் காத்திருக்கும்.

நானோ சிலிக்கா உண்மையில் கைகொடுக்கும் இடங்கள் சில உண்டு. ஆழ்கடல் கிணறுகளின் மேற்பகுதி முதலாவது. கடலடித் தரையில் வெப்பம் 4 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். அங்கே சாதாரண சிமெண்ட் மிக மெதுவாக இறுகும். அடர்த்தி குறைந்த, நீர் அதிகமுள்ள கலவைகளில் மேலே நீர் பிரிவதைக் கட்டுப்படுத்துவது இரண்டாவது. இறுகும் வேளையில் வாயு உள்ளே ஊடுருவுவதைத் தடுக்கும் முயற்சிகளுக்குத் துணையாக இருப்பது மூன்றாவது.

கைகொடுக்காத இடத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். சுமார் 110 டிகிரி செல்சியஸுக்கு மேல் சாதாரண சிமெண்டின் பிணைப்புப் பொருள் வேறு படிகமாக மாறி, வலிமை இழந்து, துளைகள் பெருகும். இதற்குச் சிமெண்ட் எடையில் 35 முதல் 40 சதவீதம் சிலிக்கா மாவு (பொடித்த குவார்ட்ஸ்) சேர்ப்பதே நிலைபெற்ற வழி. ஒன்றிரண்டு சதவீத நானோ சிலிக்கா அந்த அளவு சிலிக்காவைத் தர முடியாது. 35 சதவீதம் நானோ சிலிக்கா போட்டால் குழம்பு பம்பில் நகராது. ஆகவே கிருஷ்ணா–கோதாவரி படுகையின் ஆழமான, வெப்பமிகுந்த கிணறுகளுக்குக் கலவை வகுப்பவர் சிலிக்கா மாவை விட்டுவிட்டு நானோவை நம்பக் கூடாது.

இரண்டாம் படி: தூளா, நீர்மமா?

புதியவர்களுக்கு என் பரிந்துரை ஒன்றே: கூழ்ம சிலிக்காவை வாங்குங்கள். அதாவது, துகள்கள் நீரில் ஏற்கெனவே தனித்தனியாகப் பரவி நிற்கும் நீர்மம். உலர்ந்த தூளாக வாங்கினால், அந்தப் பொட்டலத்தில் இருப்பது பெரும்பாலும் நானோ துகள் அல்ல. நானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருவான மைக்ரோமீட்டர் அளவுக் கட்டிகள். அவற்றைப் பிரிக்க மீயொலிக் கருவி வேண்டும். கருவி நீரைச் சூடாக்கும் என்பதால் பாத்திரத்தைப் பனிக்கட்டியில் வைத்து, விட்டு விட்டு இயக்க வேண்டும். இவ்வளவு செய்தும் பிரிந்ததா என்று உறுதிசெய்ய, துகளளவை அளக்கும் கருவி ஒன்றும் வேண்டும். "நானோ சேர்த்தோம், பலனில்லை" என்று முடியும் மாணவர் ஆய்வேடுகளில், பலனில்லாமல் போனது நானோவா, கட்டிகளா என்ற கேள்விக்குப் பதிலே இருக்காது.

வாங்கும்போது நான்கு விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: துகளின் சராசரி அளவு, நீர்மத்தில் திடப்பொருளின் சதவீதம், பி.எச். மதிப்பு, தயாரித்த தேதி. கூழ்ம சிலிக்கா பெரும்பாலும் பி.எச். 9 முதல் 10 வரை வைத்து நிலைப்படுத்தப்பட்டிருக்கும். உறைந்துவிட்டால் மீளாது, உருகிய பின்னும் துகள்கள் பிரியாமல் கட்டியாகவே நிற்கும். ஆகவே குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் பாதுகாப்பாக வைக்கிறோம் என்று நினைத்து வைத்துவிடாதீர்கள்.

புட்டியைத் திறக்கும் முன்

உலர்ந்த நானோ தூள் காற்றில் நெடுநேரம் மிதக்கும். நுரையீரலின் ஆழம் வரை போகும். காற்றிழுப்புக் கூண்டுக்குள் எடை போடுங்கள். துணி முகக்கவசம் இதற்குப் போதாது, துகள் தடுக்கும் சுவாசக்கவசம் அணியுங்கள். நீர்மமாக வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னாளில் கார்பன் நானோ குழாய்களுக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் 2013இல் அவற்றுக்குப் பரிந்துரைத்த வரம்பு, காற்றில் ஒரு கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம்தான்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கூழ்ம சிலிக்கா படிகமற்றது. ஆனால் ஆய்வகத்தின் மூலையில் மூட்டையாகக் கிடக்கும் சாதாரண சிலிக்கா மாவு படிகக் குவார்ட்ஸ். சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் கொண்டுவருவது அதுதான். நானோவுக்குக் கூண்டும் கவசமும் வைத்துக்கொண்டு சிலிக்கா மாவைக் கைகளால் அள்ளிக் கொட்டுவது சரியல்ல. சிமெண்ட் குழம்பின் காரத்தன்மை தோலைப் புண்ணாக்கும்; கையுறையும் கண்ணாடியும் எப்போதும் வேண்டும்.

மூன்றாம் படி: நானோ இல்லாத கலவையை முதலில் செய்யுங்கள்

ஜி வகைச் சிமெண்டுக்கு ஏ.பி.ஐ. (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) தரநிலை வகுத்த நீர் அளவு, சிமெண்ட் எடையில் 44 சதவீதம். ஆய்வகத்தில் 600 மி.லி. குழம்புக்கு 792 கிராம் சிமெண்டும் ஏறத்தாழ 349 கிராம் நீரும் எடுப்பார்கள். அடர்த்தி ஒரு மி.லி.க்கு 1.90 கிராம் அளவில் வரும்.

கலக்கும் முறையும் வகுக்கப்பட்டதே: பிளெண்டரில் நீர் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் சுழலும்போது 15 வினாடிக்குள் சிமெண்ட் முழுவதையும் கொட்டி, மூடியிட்டு, 12,000 சுற்றில் 35 வினாடி ஓட்ட வேண்டும். இதே கலவையைச் சில முறை செய்து, அடர்த்தியும், பாய்வுத்தன்மையைக் காட்டும் விஸ்கோமீட்டர் அளவுகளும், கெட்டிப்படும் நேரமும் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்று பாருங்கள். உங்கள் கையின் ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று தெரியாமல், நானோ கொண்டுவந்த மாற்றம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. இந்தப் படியைத் தாவுகிறவர்கள்தான் ஐந்து சதவீத வலிமை உயர்வைக் கண்டுபிடிப்பாக அறிவிக்கிறார்கள்.

முடிந்தால், சிலிக்கா ஃபியூம் (உலோக உலைப் புகையிலிருந்து பிடிக்கும் சிலிக்காத் தூள்; முன்பு சொன்ன புகை சிலிக்கா வேறு) சேர்த்த கலவை ஒன்றையும் செய்து வையுங்கள். அதன் துகள் நானோ அளவைவிடப் பெரியது, விலையும் குறைவு. நானோ சிலிக்கா வெல்ல வேண்டியது வெறும் சிமெண்டை அல்ல, களத்தில் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள இந்த மாற்றை.

நான்காம் படி: நீர்க் கணக்கு

தவறு மிக எளிதாக நுழையும் இடம் இதுதான். ஆகவே கணக்கை முழுவதும் போட்டுக் காட்டுகிறேன்.

உங்கள் கூழ்ம சிலிக்காவில் 30 சதவீதம் திடப்பொருள் என்று வைத்துக்கொள்வோம். சிமெண்ட் எடையில் 1 சதவீதம் நானோ சிலிக்கா வேண்டும். 792 கிராமில் 1 சதவீதம் 7.92 கிராம். அதைத் தர 7.92 ÷ 0.30 = 26.4 கிராம் நீர்மம் வேண்டும். அதில் 18.5 கிராம் நீர். ஆகவே 348.5 கிராம் கலவை நீரிலிருந்து 18.5ஐக் கழித்து, 330 கிராம் தூய நீரை எடுக்க வேண்டும். 2 சதவீதத்துக்கு நீர்மம் 52.8 கிராம், தூய நீர் 311.5 கிராம். 0.5 சதவீதத்துக்கு 13.2 கிராம் நீர்மம், 339.3 கிராம் நீர்.

கழிக்க மறந்தால் 2 சதவீதக் கலவையில் நீரின் அளவு 44இலிருந்து 48.7 சதவீதத்துக்கு ஏறிவிடும். குழம்பு இளகும், வலிமை குறையும். நானோ கொடுத்த பலனை அந்த அதிக நீர் விழுங்கிவிடும், பழியோ நானோமேல் விழும். டிஸ்பர்சன்ட், ரிட்டார்டர் போன்றவை நீர்மமாக இருந்தால் அவற்றிலுள்ள நீரையும் இதே வழியில் கழியுங்கள்.

0, 0.5, 1, 2 என்ற நான்கு அளவுகள் தொடக்கத்துக்குப் போதும். 3 சதவீதத்துக்கு மேல் போக வேண்டிய தேவை அரிது.

ஐந்தாம் படி: சிமெண்டுக்கு முன் கலவை நீரைப் பாருங்கள்

எல்லாம் இந்தக் கண்ணாடிக் குவளையில்தான் தீர்மானமாகிறது. தூய நீரை ஊற்றி, நுரை தடுக்கும் பொருளைச் சில துளிகள் சேர்த்து, மெதுவாகக் கலக்கியபடி கூழ்ம சிலிக்காவை ஊற்றுங்கள். பிறகு டிஸ்பர்சன்ட், ரிட்டார்டர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் சில நிமிடம் நிறுத்திப் பாருங்கள். நீர் திடீரென்று திரிந்த பால்போல ஆனாலோ, அடியில் ஜெல்லாகத் திரண்டாலோ, அந்தச் சேர்க்கை ஒத்துப்போகவில்லை. சிமெண்டைக் கொட்டாதீர்கள். சேர்க்கும் வரிசையை மாற்றியோ வேறு பொருளைத் தேடியோ மறுபடி செய்யுங்கள்.

உப்புகள்தான் முதல் எதிரி. துகள்களின் மேற்பரப்பிலுள்ள மின்னேற்றம் அவற்றை ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளி வைக்கிறது; உப்பு அந்த மின்னேற்றத்தை மறைத்துவிடுவதால் அவை ஒட்டிக்கொள்ளும். கடல்நீரும், பொட்டாசியம் குளோரைடு கரைத்த நீரும் ஆபத்தானவை. குளிர்ந்த கிணறுகளில் இறுக்கத்தை விரைவாக்க வழக்கமாகச் சேர்க்கும் கால்சியம் குளோரைடு எல்லாவற்றிலும் மோசம். அதையும் கூழ்ம சிலிக்காவையும் ஒரே நீரில் கரைக்க முயலாதீர்கள்.

சிமெண்ட் விழுந்த கணமே அதிலிருந்தும் கால்சியம் அயனிகள் நீருக்குள் வரும். ஓரளவு திரட்சி அப்போது தவிர்க்க முடியாதது. அதற்குள் துகள்கள் குழம்பு முழுவதும் சமமாகச் சென்றுசேர்ந்திருக்க வேண்டும் என்பதே இந்தப் படியின் நோக்கம். பாலிகார்பாக்சிலேட் வகை டிஸ்பர்சன்ட் இங்கே உதவும்.

ஆறாம் படி: சோதனைகள், இந்த வரிசையில்

முதலில் பாய்வுத்தன்மை. பம்பில் நகராத குழம்பின் வலிமையை அளந்து பயனில்லை. சுழல் விஸ்கோமீட்டரில் 300 சுற்று அளவிலிருந்து 100 சுற்று அளவைக் கழித்து 1.5ஆல் பெருக்கினால் பிளாஸ்டிக் விஸ்காசிட்டி, அதாவது ஓடும் குழம்பின் பிசுக்கு. அதை 300 சுற்று அளவிலிருந்து கழித்தால் யீல்டு பாயிண்ட், அதாவது குழம்பு ஓடத் தொடங்கத் தேவையான விசை. நானோ கூடக் கூட இரண்டும் ஏறும். கலவைகளை ஒப்பிடும்போது, டிஸ்பர்சன்டின் அளவைச் சரிசெய்து, பாய்வுத்தன்மையை ஒரே மாதிரி ஆக்கியபின் ஒப்பிடுவதே நியாயம். டிஸ்பர்சன்ட் அளவை மாற்றாமல் வைத்த ஒப்பீட்டையும் தனியாகப் பதிவுசெய்யலாம்; இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்கக் கூடாது.

அடுத்தது மேலே பிரியும் நீர். ஜி வகைக்கு ஏ.பி.ஐ. தரநிலை அனுமதிப்பது அதிகபட்சம் 5.9 சதவீதம். நானோ சிலிக்கா இதை நன்றாகக் குறைக்கும். சாய்ந்த கிணறுகளில் பிரிந்த நீர் மேற்பக்கமாக ஓடி ஒரு வாய்க்கால் உண்டாக்கும் என்பதால் இது பெரிய பலன்.

மூன்றாவது, கெட்டிப்படும் நேரம். கிணற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் கொடுத்து, நிமிடத்துக்கு 150 சுற்றில் சுழலும் கன்சிஸ்டோமீட்டரில் குழம்பின் கெட்டித்தன்மை 70 பியர்டன் அலகை எட்டும் நேரத்தைப் பார்ப்பார்கள். அதற்கு மேல் பம்ப் செய்வது கடினம். நானோ சிலிக்கா இந்த நேரத்தைக் குறைக்கும். எவ்வளவு என்று ஊகிக்காதீர்கள். குழாய்க்குள் நடுவழியில் இறுகிய சிமெண்டைத் துளையிட்டு எடுப்பதைப் போன்ற இழப்பு இந்தத் தொழிலில் குறைவு.

அழுத்தத்தில் குழம்பிலிருந்து எவ்வளவு நீர் வடிந்து வெளியேறுகிறது என்று பார்க்கும் நீர் இழப்புச் சோதனை 1,000 பி.எஸ்.ஐ. அழுத்த வேறுபாட்டில் 30 நிமிடம் நடக்கும். சேர்க்கை எதுவும் இல்லாத சிமெண்ட் 1,000 மி.லி.க்கு மேல் இழக்கும்; வாயு ஊடுருவல் அபாயமுள்ள இடங்களில் 50 மி.லி.க்குள் கேட்பார்கள். நானோ மட்டும் அந்த இடத்துக்குக் கொண்டுபோகாது, பாலிமர் வேண்டும். வாயுதான் உங்கள் கவலை என்றால் ஜெல் வலிமையையும் (அசையாமல் நிற்கும் குழம்பு இறுகுவதற்கு முன் பெறும் உறுதி) அளக்க வேண்டும்: 100 சதுர அடிக்கு 100 பவுண்டிலிருந்து 500 பவுண்டுக்கு ஏற எடுக்கும் நேரம் 45 நிமிடத்துக்குள் இருப்பது நல்லது.

பிறகுதான் அமுக்க வலிமை. 8 மணி, 24 மணி, 7 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று கனசதுரங்கள். மீயொலி முறையில் தொடர்ச்சியாக வலிமை காட்டும் கருவி உங்களிடம் இருந்தால் மகிழ்ச்சி, ஆனால் அது ஒலி கடக்கும் நேரத்தை அளந்து, வழக்கமான சிமெண்டுகளுக்கு வகுத்த தொடர்பைக் கொண்டு வலிமையைக் கணக்கிடுகிறது. நானோ சேர்த்த கலவைக்கு அந்தத் தொடர்பு சற்று விலகலாம். சில கனசதுரங்களை உடைத்துச் சரிபார்த்த பின்பே அந்த எண்ணை நம்புங்கள்.

வலிமை ஏறியது நானோவால்தான் என்று காட்ட விரும்பினால், இறுகிய மாதிரியை வெப்ப எடையிழப்புச் சோதனைக்கு அனுப்புங்கள். 400 முதல் 500 டிகிரி செல்சியஸுக்குள் இழக்கும் எடை, சுண்ணாம்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று சொல்லும். சிலிக்கா வினைபுரிந்திருந்தால் அது குறைந்திருக்க வேண்டும்.

முடிவுகளைப் படிக்கும்போது

நுண்துளைகள் சிறுத்தால் ஊடுருவல் குறையும். ஆனால் அதே காரணத்தால் சிமெண்ட் உள்ளுக்குள் நீரை இழந்து கூடுதலாகச் சுருங்கவும் செய்யலாம். சுருங்கினால் குழாயின் ஓரத்தில் மயிரிழை இடைவெளி உண்டாகும். வாயுவுக்கு அது போதும். வலிமை எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது, ஆகவே சுருக்கச் சோதனையும் வேண்டும். நானோ மெக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்து விரிவடையச் செய்யும் வழியும் உண்டு. அதன் வேகம் அந்த ஆக்சைடைச் சுட்ட வெப்பத்தைப் பொறுத்தது என்பதால் அது தனிப் பாடம்.

கார்பன் டை ஆக்சைடு உள்ள கிணறுகளைப் பற்றியும் அவசர முடிவு வேண்டாம். சுண்ணாம்பு குறைவதால் தாக்குதல் குறையும் என்பது பாதி உண்மை. வரும் அமிலத்தை முதலில் வாங்கிக்கொள்வதும் அந்தச் சுண்ணாம்புதான். அது இல்லாவிட்டால் பிணைப்புப் பொருளே நேராகத் தாக்கப்படலாம். ஊடுருவல் எவ்வளவு குறைந்தது என்பதும் சுண்ணாம்பு எவ்வளவு குறைந்தது என்பதும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கின்றன. கிணற்றின் அழுத்தத்திலும் வெப்பத்திலும் மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் எது வென்றது என்று தெரியும்.

களத்துக்குக் கொண்டுபோகும்போது

ஆய்வகப் பிளெண்டர் தரும் கலக்கும் ஆற்றலும் களத்தின் கலவை எந்திரம் தரும் ஆற்றலும் வேறு. குவளையில் பிரிந்த கட்டி அங்கே பிரியாமல் போகலாம். ஆகவே நானோவை உலர் தூளாகச் சிமெண்டோடு மொத்தக் கிடங்கில் கலக்கும் யோசனையைத் தவிர்த்து, நீர்மமாகக் கலவை நீரில் சேர்க்கும்படி திட்டமிடுங்கள். நீர்மச் சேர்க்கைகளை அளந்து செலுத்தும் அமைப்பு பெரும்பாலான சிமெண்ட் பணிகளில் இருக்கும். அந்தத் தொட்டியிலும் குழாயிலும் முந்தைய வேலையின் கால்சியம் குளோரைடு எச்சம் இருந்தால் கூழ்ம சிலிக்கா அங்கேயே ஜெல்லாகிவிடும். முதலில் நன்னீரால் கழுவச் சொல்லுங்கள்.

கடைசி ஆய்வகச் சோதனையை ஆய்வகத்துக் குழாய்நீரில் செய்யாதீர்கள். கிணற்றடிக்கு வரவிருக்கும் அதே நீர், அதே தொகுப்புச் சிமெண்ட், அதே பீப்பாய் நானோ சிலிக்கா ஆகியவற்றின் மாதிரிகளை வரவழைத்து, கெட்டிப்படும் நேரத்தையும் பாய்வுத்தன்மையையும் மறுபடி பாருங்கள். சிமெண்டின் தொகுப்பு மாறினால் திரும்பவும் செய்யுங்கள். வேலை நடக்கும் நாளன்று குழம்பின் மாதிரியை எடுத்து, தேதியும் நேரமும் எழுதி, கிணறு அடுத்த கட்டத்துக்குப் போகும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.